நடுங்காத கையும் இளகிய நெஞ்சும்

சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு சாலைக்குத் துர்காபாய் தேஷ்முக் என்னும் பெருமாட்டியின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. எட்டு வயதில் பூட்டப்பட்ட மணவிலங்கைப் பின்னர் உதறி எழுந்து, விடுதலைப் போரில் சிறை புகுந்து, சட்டம் பயின்று, அரசியல் நிர்ணய சபையின் உறுப்பினராக விளங்கியவர் அவர். 1937இல் அவர் தோற்றுவித்த ஆந்திர மகிளா சபையின் மருத்துவமனை இச்சாலையில்தான் அமைந்திருக்கிறது. ஆதரவற்ற பெண்களுக்குக் கல்வியும் தொழிலும் கொடுத்துத் தலைநிமிரச் செய்த அச்சபை, செவிலியர் பயிற்சியையும் தன் பணிகளுள் ஒன்றாகக் கொண்டது.

அதே சாலையில்தான் ஒரு காலத்தில் சத்யா ஸ்டுடியோவும் இருந்தது. இன்று அவ்விடத்தில், 1996இல் தொடங்கப்பெற்ற மகளிர் கல்லூரி நடைபெறுகிறது. ஆக, உண்மையான நோயாளிக்குப் பணிவிடை செய்யும் இல்லமும், வேடம் புனைந்தவர்கள் அழுதும் சிரித்தும் காட்டிய கூடமும் சில காலம் ஒரே சாலையில் அண்டை வீடுகளாய் இருந்தன. இந்த அண்டைமை நமக்கு ஒரு கேள்வியை எழுப்புகிறது. மருத்துவமும் செவிலியமும் பயிலும் பிள்ளைகளின் இரக்கத்தைப் பற்றி வெள்ளித்திரை நமக்குச் சொல்லித் தந்திருப்பது என்ன? அது உண்மையா?

வீண் பொழுதுபோக்குக்காக இக்கேள்வியை நாம் எழுப்பவில்லை. நம் சமுதாயத்துப் பிள்ளைகள் மருத்துவக் கல்லூரிகளிலும், செவிலியர் பள்ளிகளிலும், மருந்தாளுநர், இயன்முறை மருத்துவர், ஆய்வுக்கூட நுட்பர் ஆகியோருக்கான பயிற்சிகளிலும் சேர்ந்து வருகின்றனர். அவர்களை அனுப்பும் வாப்பாவும் உம்மாவும் மருத்துவக் கல்லூரியின் உட்புறத்தைக் கண்டவர்கள் அல்லர். அவர்கள் மனத்திலுள்ள மருத்துவ மாணவனின் உருவம் பெரும்பாலும் திரைப்படம் தீட்டிய உருவமே. அவ்வுருவம் பிழையாக இருப்பின், பிள்ளையிடம் நாம் எதிர்பார்ப்பதும் பிழையாகவே இருக்கும்.

படம் சொல்வது என்ன?

மருத்துவ மாணவரின் இரக்கத்தையே மையப் பொருளாகக் கொண்டு தமிழில் பெரும் வெற்றி பெற்ற படம், 2004இல் சரண் இயக்கத்தில் வெளிவந்த 'வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்.' முந்தைய ஆண்டில் ராஜ்குமார் ஹிரானி இந்தியில் எடுத்த 'முன்னாபாய் எம்.பி.பி.எஸ்.' படத்தின் தமிழ் வடிவம் இது. கிரேஸி மோகன் உரையாடல் எழுதினார். கமல்ஹாசன் ராஜாவாகவும், நாகேஷ் அவனுடைய தந்தையாகவும், பிரகாஷ்ராஜ் கல்லூரி முதல்வர் விஸ்வநாதனாகவும், ஸ்நேகா அம்முதல்வரின் மகளான மருத்துவராகவும் நடித்தனர்.

கதை பலரும் அறிந்ததே. அடிதடி செய்து பணம் வசூலிக்கும் ஒருவன், தந்தை பட்ட அவமானத்தைத் துடைப்பதற்காக மருத்துவக் கல்லூரியில் நுழைகிறான். நுழைவுத் தேர்வை அவனுக்காக வேறொருவர் எழுதுகிறார். உள்ளே நுழைந்தவன் ஈரமற்ற விதிகளைக் காண்கிறான். உயிருக்குப் போராடும் நோயாளி கிடக்க, படிவம் நிரப்பச் சொல்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் அசைவற்றுக் கிடக்கும் ஒருவர் பாடம் நடத்தும் பொருளாகக் கருதப்படுகிறார். துப்புரவுத் தொழிலாளியை எவரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. ராஜாவோ அனைவரையும் கட்டித் தழுவுகிறான். 'கட்டிப்புடி வைத்தியம்' என்னும் தொடர் அந்நாள் முதல் தமிழர் பேச்சு வழக்கில் கலந்துவிட்டது.

இப்படத்தின் நற்பண்புகளை நாம் மறுக்கவில்லை. படிவம் முந்துமா, உயிர் முந்துமா என்று அது கேட்டது நேர்மையான கேள்வி. தரையைத் துடைப்பவரும் மருத்துவமனையில் ஒரு மனிதரே என்று காட்டியது நல்ல காட்சி. நோயாளியின் பெயரைக் கேட்பதே பாதி மருந்து என்பதை நகைச்சுவையோடு மக்கள் மனத்தில் பதித்தது. அரசு மருத்துவமனையின் நீண்ட வரிசையில் நின்று களைத்த எளிய மனிதனுக்கு அப்படம் தன் சார்பாக ஒருவன் பேசியது போன்ற நிறைவைத் தந்தது. பெரும் வெற்றிக்கு அதுவே காரணம் என நாம் கருதுகிறோம்.

ஆயினும், அது நிறுவ முயலும் கருத்தை உரைத்துப் பார்த்தல் வேண்டும். அக்கருத்து யாதெனில்: இரக்கம் வெளியிலிருந்து வருவது; படிப்பு அதனைக் கொல்வது; படியாதவன் நெஞ்சில் ஈரம் இருக்கிறது, படித்தவன் நெஞ்சு வறண்டுவிட்டது. இக்கருத்து கேட்பதற்கு இனிக்கிறது. இது உண்மையாயின் நாம் நம் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்புவதே பாவமாகிவிடும் அல்லவா?

முதல்வரின் வாதம்

படத்தில் முதல்வர் விஸ்வநாதன் தம் மாணவர்களிடம் ஒரு வாதத்தை முன்வைக்கிறார். இத்தனை ஆண்டுகள் அறுவை செய்தும் தம் கை நடுங்கியதில்லை. தம் மகளுக்கே அறுவை செய்ய நேர்ந்தால் நடுங்கும். ஆகவே நோயாளியிடம் பாசம் கொள்ளலாகாது என்பதே அதன் சாரம். மருத்துவ உலகம் நெடுங்காலமாகத் தன்னையே கேட்டுக்கொண்டு வரும் கேள்வி இது. அன்பு கூர்ந்தால் கை நடுங்குமா? கை நடுங்காதிருக்க நெஞ்சைக் கல்லாக்கத்தான் வேண்டுமா?

நல்ல படைப்பாளி இவ்விடத்தில் நின்று விடை தேடியிருப்பார். இப்படமோ வாதத்தைச் சொன்னவரைக் கோமாளியாக்கி, அவருடைய சினத்தைச் சிரிப்பாக மாற்றி, வாதத்தையே காற்றில் விட்டுவிடுகிறது. முதல்வர் தோற்பது அவருடைய சொல் பொய்த்ததால் அன்று. அவருடைய முகத்தைக் கண்டு நாம் சிரித்ததால். வகுப்பில் அமர்ந்திருந்த ஏனைய மாணவர்களோ பெயரற்ற பின்னணியாகவே நின்றுவிடுகின்றனர். அவர்களுள் ஒருவன் முதல்வரின் சொல்லைக் கேட்டு என்ன நினைத்தான், நோயாளியின் படுக்கையருகே முதன்முதல் நின்றபோது அவன் நெஞ்சு எப்படித் துடித்தது என்று படம் ஒருமுறையும் திரும்பிப் பார்க்கவில்லை. மருத்துவ மாணவரைப் பற்றிய படத்தில் மருத்துவ மாணவரே இல்லை என்பதுதான் நம் முதற்குறை.

நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பே தமிழ்த்திரை இதே கேள்வியை நெருங்கித் தொட்டிருந்தது. 1962இல் ஸ்ரீதர் இயக்கிய 'நெஞ்சில் ஓர் ஆலயம்' படத்தில் மருத்துவர் முரளி, தாம் முன்னர் நேசித்த பெண்ணின் கணவருக்கே உயிர் காக்கும் அறுவையைச் செய்ய வேண்டிய நிலை வருகிறது. கல்யாண்குமார், தேவிகா, முத்துராமன் ஆகியோர் நடித்த அப்படத்தில் மருத்துவரின் நெஞ்சில் பாசமும் உண்டு, வேதனையும் உண்டு, கையோ நடுங்கவில்லை. விஸ்வநாதனின் வாதத்திற்கு முரளி முன்கூட்டியே அளித்த மறுப்பு இது. எனினும் அங்கும் ஒரு குறை. நோயாளியைக் காப்பாற்றிய மருத்துவர் முடிவில் உயிர் நீக்கிறார். தன்னையே எரித்துக்கொண்டு ஒளி தந்தால்தான் இரக்கம் என்று அப்படம் கருதுகிறது.

எனவே தமிழ்த்திரை நமக்குத் தந்த உருவங்கள் இரண்டு. ஒன்று, இரக்கத்தால் மாண்டுபோகும் தியாகி. மற்றொன்று, படியாமலே இரக்கம் காட்டும் முரடன். காலையில் எழுந்து, வகுப்புக்குச் சென்று, பிணவறையில் நின்று, வார்டில் திட்டு வாங்கி, இரவில் புத்தகத்தோடு உறங்கிப்போகும் சாதாரண மாணவனும், தொப்பியைச் சீர்செய்துகொண்டு இரவுப் பணிக்குக் கிளம்பும் பயிற்சிச் செவிலியும் இவ்விரண்டிலும் இடம்பெறவில்லை. அவர்கள் இரக்கத்தைக் கற்பது எப்படி, இழப்பது எப்படி என்பதே நமக்குத் தெரிய வேண்டிய செய்தி.

ஜாகீரின் மரணம்

'வசூல்ராஜா' தன் கருத்தைத் தானே மறுக்கும் இடம் ஒன்று உண்டு. புற்றுநோயால் சாகக் கிடக்கும் ஜாகீர் என்னும் இளைஞனிடம் ராஜா அளவிறந்த பாசம் காட்டுகிறான். அவனை மகிழ்விக்க ஆட்டக்காரியை வரவழைத்து ஆடச் செய்கிறான். சாவின் வாயிலில் நிற்பவனுக்கு இதுதான் ஆறுதல் என்று கருதிய கற்பனையின் வறுமையை நாம் வருந்தியே குறிப்பிடுகிறோம். எனினும் நாம் சொல்ல வந்தது வேறு. ஜாகீர் சாகிறான். அவனுக்காக ராஜா செய்யக்கூடியது எதுவுமில்லை. தழுவிய கைகள் வெறுங்கைகளாகவே நிற்கின்றன. நாம் மருத்துவன் அல்ல என்பதை ராஜா உணரும் கணம் அது. படத்தின் மிக உண்மையான கணமும் அதுவே. படம் அவ்வுண்மையைப் பின்தொடர்ந்திருந்தால் வேறொரு உயரத்தை எட்டியிருக்கும். கண்ணீரைத் துடைத்துவிட்டுச் சுபமான முடிவை நோக்கி அது ஓடிவிட்டது.

படம் ஓடிப்போன இடத்தில் நம் நாட்டு வரலாறு நின்று பேசுகிறது. திண்டிவனத்தில் 1890களில் நிகழ்ந்தது இது. அமெரிக்க மருத்துவப் பாதிரியார் ஒருவரின் மகளான ஐடா ஸ்கடர், நோயுற்ற தாய்க்குத் துணையாக அங்கே தங்கியிருந்த இளம்பெண். ஓரிரவில் அடுத்தடுத்து மூன்று ஆடவர்கள் அவ்வீட்டுக் கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மூன்றாமவர் மற்றொரு இந்து. மூவர் மனைவியரும் பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருந்தனர். ஐடாவின் தந்தை வரத் தயாராக இருந்தார். ஆடவர் ஒருவர் தம் மனைவியைத் தொடுவதற்கு மூவரும் இசையவில்லை. பெண்ணாகிய ஐடா வர வேண்டும் என்றார்கள். ஐடாவுக்கோ மருத்துவம் தெரியாது. பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

அவ்விரவில் குறைந்தது எது? இரக்கமா? ஐடா இரவெல்லாம் கண்ணீர் சிந்தினார் என்றே வரலாறு சொல்கிறது. தந்தையிடம் அறிவு இருந்தது, உள்ளே செல்ல அனுமதி இல்லை. மகளுக்கு அனுமதி இருந்தது, அறிவு இல்லை. அறிவும் இரக்கமும் ஒரே ஆளிடம் சேராததால் மூன்று உயிர்கள் போயின. ஐடா தாயகம் சென்று 1899இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1900இல் வேலூரில் சிறிய மருந்தகம் ஒன்றைத் தொடங்கினார். 1909இல் செவிலியர் பள்ளியையும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் நிறுவினார். அப்பள்ளியே பின்னர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. தழுவுவதோடு நில்லாமல், தழுவும் கைகளுக்குத் தொழில் கற்பிக்க ஒரு கல்லூரியே கட்டினார் அப்பெண்மணி. இறந்த மூவருள் ஒருவர் நம் வீட்டுப் பெண் என்பதை நாம் மறத்தல் தகாது.

ராஜா அண்ணாமலைபுரத்துக்குத் தெற்கே ஆற்றைக் கடந்தால் அடையாறு. அங்கே புற்றுநோய் நிலையம் 1954இல் பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கிற்று. அதனைத் தோற்றுவித்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, புற்றுநோய்க்குத் தம் தங்கையைப் பறிகொடுத்தவர். மறு ஆண்டு அங்கு சேர்ந்த டாக்டர் சாந்தா 2021இல் மறையும் வரை அந்நிலையத்தோடு ஒன்றியே வாழ்ந்தார். 2005இல் அவருக்கு மகசேசே விருது வழங்கப்பட்டது. ஜாகீரைப் போன்ற ஓர் இளைஞனுக்கு உண்மையில் பயன்படும் இரக்கம் எத்தகையது என்பதற்கு அந்நிலையமே விடை.

குணப்படுத்த இயலாத நிலையிலும் செய்வதற்கு வேலை உண்டு. கோழிக்கோட்டில் 1993இல் டாக்டர் ராஜகோபால் முதலானோர் தொடங்கிய வலி தணிப்புச் சங்கம் இதனை மெய்ப்பித்தது. நோயாளியின் வலியை அளந்து, மார்பின் மருந்தை உரிய அளவில் கொடுத்து, வீட்டாருக்குப் பணிவிடை செய்யும் முறையைக் கற்பித்து, இறுதி நாட்களை மனிதன் மனிதனாகக் கழிக்கச் செய்தார்கள். அக்கம்பக்கத்து மக்களே தொண்டர்களாக வந்தார்கள். மார்பின் கிடைப்பதில் இருந்த சட்டத் தடைகளைத் தளர்த்தும் திருத்தம் 2014இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஜாகீரின் படுக்கையருகே ஆட்டக்காரிக்குப் பதிலாக வலியைத் தணிக்கக் கற்ற ஒரு பயிற்சிச் செவிலி நின்றிருந்தால், அவனுடைய உம்மாவின் துஆ அவளுக்குக் கிடைத்திருக்கும்.

இரக்கத்தைக் கொல்வது எது?

அப்படியானால் படித்தவர்களிடம் இரக்கம் குறைகிறது என்ற மக்களின் முறையீடு வெறும் கற்பனையா? அன்று. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் குற்றவாளியைத்தான் படம் தவறாகக் காட்டிவிட்டது.

அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் உள்ள ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரியில் முஹம்மத் ரிஸா ஹோஜத் என்னும் அறிஞரும் அவருடைய கூட்டாளிகளும் மாணவர்களை ஆண்டுதோறும் பின்தொடர்ந்து ஆராய்ந்தார்கள். 456 மாணவர்களைப் பற்றிய அவ்வாய்வு 2009இல் வெளிவந்தது. பிறர் துயரை உணரும் பண்பு முதலிரண்டு ஆண்டுகளில் குறையவில்லை. மூன்றாம் ஆண்டில்தான் சரிந்தது. மூன்றாம் ஆண்டு அங்கே எத்தகையது? மாணவன் புத்தகத்தை விட்டு நோயாளியிடம் வரும் ஆண்டு அது! இரக்கம் வளர வேண்டிய இடத்திலேயே அது தேய்ந்தது. எனினும் இது இயற்கையின் விதி அன்று. ஜப்பானின் ஒகாயாமா பல்கலைக்கழகத்தில் அதே அளவுகோலைக் கொண்டு பார்த்தபோது மேல் வகுப்பு மாணவர்களிடம் அப்பண்பு கூடுதலாகவே இருந்தது. ஆகவே படிப்பு இரக்கத்தைக் கொன்றே தீரும் என்பது பொய். படிக்கும் சூழ்நிலை அதனைக் கொல்லவும் கூடும், வளர்க்கவும் கூடும்.

சூழ்நிலையில் கொடியது எது? இதற்கு மருத்துவத்துக்கு வெளியே நிகழ்ந்த ஒரு சோதனை வெளிச்சம் காட்டுகிறது. பிரின்ஸ்டன் நகரில், பாதிரியார் பணிக்குப் பயிலும் நாற்பது மாணவர்களைக் கொண்டு டார்லி, பேட்சன் என்னும் இருவர் நடத்திய சோதனை 1973இல் வெளியாயிற்று. வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல மனிதனைப் பற்றி விவிலியத்தில் ஓர் உவமை உண்டு. அதனைப் பற்றிப் பேசவே மாணவர்களுள் பாதிப்பேர் ஒரு கட்டடத்திலிருந்து மற்றொரு கட்டடத்துக்கு அனுப்பப்பட்டார்கள். வழியில் ஒருவன் இருமிக்கொண்டு சாய்ந்து கிடக்குமாறு ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் நூற்றுக்கு 63 பேர் நின்று உதவினர். நேரம் கடந்துவிட்டது, விரைந்து செல் என்று துரத்தப்பட்டவர்களில் உதவியோர் நூற்றுக்குப் பத்துப் பேரே. பேசப்போகும் பொருள் இரக்கமா, வேறொன்றா என்பது பெரிய வேறுபாடு எதனையும் உண்டாக்கவில்லை. அவசரமே உண்டாக்கிற்று.

இதனை நம் மருத்துவமனைக்குப் பொருத்திப் பாருங்கள். பயிற்சி மருத்துவன் நெஞ்சில் ஈரமில்லாதவன் அல்லன். முந்தின நாள் காலையில் பணிக்கு வந்தவன் மறுநாள் மாலையிலும் நின்றுகொண்டிருக்கிறான். அவன் முன்னே வரிசை நீள்கிறது. பின்னே மேலதிகாரியின் அதட்டல் ஒலிக்கிறது. நோயாளியின் கிழவி ஏதோ சொல்ல வாயெடுக்கிறாள், "சீக்கிரம் சொல்லும்மா!" என்று அவன் எரிந்து விழுகிறான். அவன் கல்நெஞ்சன் என்று நாம் தீர்ப்பளிக்கிறோம். அவனோ உறக்கம் கெட்டவன், உணவு தவறியவன், தன்மீது இரக்கம் காட்டுவார் இல்லாதவன்.

இந்நிலையை அரசே ஏற்றுக்கொண்டிருக்கிறது. தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த குழு 2024இல் மருத்துவ மாணவரின் மனநலம் குறித்து அறிக்கை தந்தது. ஆய்வுக்குப் பதிலளித்த எம்.பி.பி.எஸ். மாணவர்களில் நூற்றுக்கு 27.8 பேர் தமக்கு மனநலக் குறை உள்ளதாகத் தெரிவித்தனர். பயிற்சி மருத்துவரின் பணி வாரத்துக்கு 74 மணி நேரத்தைத் தாண்டலாகாது, வாரம் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது. இந்த 74 மணி நேரமே ஒரு சலுகையாகக் கேட்கப்படுகிறதென்றால் உண்மை நிலையை நாமே ஊகித்துக்கொள்ளலாம். நோயாளியிடம் பரிவு காட்டு என்று மாணவனுக்குச் சொல்லும் கல்லூரி, மாணவனிடம் பரிவு காட்டியதா?

பாடமாகுமா இரக்கம்?

நம் நாட்டில் 2019ஆம் ஆண்டு முதல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் மனப்பாங்கு, அறநெறி, உரையாடும் முறை ஆகியவை தனிப் பகுதியாகச் சேர்க்கப்பட்டுள்ளன. 2022இல், ஒவ்வொரு மாணவனும் சில குடும்பங்களைப் பொறுப்பேற்று அவர்களுடைய உடல்நலத்தைத் தொடர்ந்து கவனித்துவரும் திட்டமும் வந்தது. இவை இரண்டும் வரவேற்கத்தக்கவை. துயரச் செய்தியை எப்படிச் சொல்வது, நோயாளியின் இரகசியத்தை எப்படிக் காப்பது என்பன பிறவியிலேயே வருபவை அல்ல, கற்க வேண்டியவை. கற்பிக்கவே முடியாது என்பார்க்கு நாம் உடன்படோம்.

ஆயினும் ஓர் அச்சம். இரக்கம் மதிப்பெண் பெறும் பாடமானால், பதிவேட்டில் கையொப்பம் வாங்கும் வேலையாகச் சுருங்கிவிடக் கூடும். வகுப்பில் ஒரு மணி நேரம் பரிவைப் பற்றிப் பாடம் கேட்ட மாணவன், அடுத்த மணி நேரம் வார்டில் தன் ஆசான் ஏழைப் பெண்ணொருத்தியைத் திரை மறைக்காமலே பரிசோதிப்பதைக் கண்டால், எந்தப் பாடம் அவன் நெஞ்சில் நிற்கும்? கண்ணால் கண்ட பாடமே நிற்கும். நல்ல ஆசான் ஒருவர் குளிர்ந்த கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு நோயாளியின் வயிற்றைத் தொடுவதைக் கண்டால், அதுவும் ஆயுள் முழுதும் நிற்கும்.

நம் முன்னோர் இதனை அறிந்திருந்தனர். பத்தாம் நூற்றாண்டில் பாரசீகத்தில் வாழ்ந்த மருத்துவ மேதை அலீ இப்னு அப்பாஸ் அல்மஜூசி, தம் பெருநூலில் மாணவனுக்கு வழி கூறுகிறார். மருத்துவமனைகளிலும் நோயாளர் இல்லங்களிலும் இடைவிடாது இருக்க வேண்டும். தேர்ந்த ஆசான்களின் துணையோடு இருக்க வேண்டும். நோயாளியின் நிலையை அடிக்கடி விசாரிக்க வேண்டும் என்பது அவர் கருத்து. நோயாளி, ஆசான், மாணவன் ஆகிய மூவரும் ஒரே படுக்கையருகே கூடும் இடமே அவர் காட்டிய பள்ளிக்கூடம். அரபு மொழியில் ரஹ்மத் என்னும் சொல்லும், கருப்பையைக் குறிக்கும் ரஹிம் என்னும் சொல்லும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. கருப்பை ஒருமுறை தழுவிவிட்டு அகன்றுவிடுவதில்லை; மாதக்கணக்கில் சுமந்து, ஊட்டி, வளர்க்கிறது. இரக்கம் என்பது அத்தகைய நீண்ட உழைப்பு என்பதை அச்சொல்லே நமக்கு உணர்த்துகிறது.

நம் வீடுகளின் பங்கு

விமர்சனம் திரைப்படத்தோடும் கல்லூரியோடும் முடிந்துவிட்டால் அது அரை விமர்சனமே. மருத்துவம் பயிலும் பிள்ளை விடுமுறைக்கு வீடு வந்தால் நாம் கேட்பது என்ன? "எத்தனை மார்க்கு? எந்தப் பிரிவில் மேற்படிப்பு? எதில் வருமானம் அதிகம்?" இவையே நம் கேள்விகள். "நேற்று நீ பார்த்த நோயாளி இப்போது எப்படி இருக்கிறார்?" என்று கேட்கும் வீடுகள் எத்தனை? பிள்ளையின் கல்விக்கான செலவைத் திருமணச் சந்தையில் திரும்பப் பெறக் கணக்கிடும் வீட்டிலிருந்து சென்ற மாணவன், நோயாளியின் பையைப் பார்க்காமல் முகத்தைப் பார்ப்பான் என்று நாம் எந்த உரிமையில் எதிர்பார்க்கிறோம்?

மற்றொன்றும் சொல்லியாக வேண்டும். மகன் டாக்டர் என்றால் பெருமை கொள்ளும் நம் குடும்பங்களில் சில, மகள் செவிலியர் பயிற்சிக்குச் செல்ல விரும்பினால் முகம் சுளிக்கின்றன. இரவுப் பணியாம், அந்நியரைத் தொட வேண்டுமாம், மாப்பிள்ளை கிடைக்காதாம்! மதீனாவில் பள்ளிவாசலை ஒட்டி எழுப்பப்பட்ட கூடாரத்தில் காயமுற்றோருக்குப் பணிவிடை செய்த ருஃபைதா (ரலி) அவர்களை இவர்கள் எவ்விதம் மறந்தார்கள்? அகழ்ப்போரில் காயம்பட்ட ஸஅது இப்னு முஆத் (ரலி) அவர்களை அக்கூடாரத்தில்தானே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தங்கவைத்தார்கள்? நம் பெண்களை அந்நிய ஆடவர் தொடலாகாது என்று கண்டிப்புக் காட்டிவிட்டு, அவர்களைத் தொட்டுப் பேணும் பெண்களை நம் வீட்டிலிருந்து அனுப்ப மறுப்போமானால், திண்டிவனத்து இரவையே நாம் திரும்ப அழைத்தவர்கள் ஆவோம்.

நோயாளியை நலம் விசாரிக்கச் செல்வது ஒரு முஸ்லிமுக்கு மற்றொரு முஸ்லிம் செய்ய வேண்டிய கடமைகளுள் ஒன்றென நம் மார்க்கம் வகுத்துள்ளது. அக்கடமையை நிறைவேற்றச் செல்லும் நாம் வார்டில் எப்படி நடந்துகொள்கிறோம்? பத்துப் பேராகக் கூடிக் கட்டிலைச் சூழ்ந்துகொள்கிறோம். ஊசி போட வந்த பயிற்சிச் செவிலியை "ஏம்மா, இங்கே வா!" என்று விரலசைத்து அழைக்கிறோம். அவள் பெயர் நமக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள விரும்பியதும் இல்லை. மருத்துவர்களையும் செவிலியர்களையும் தாக்குவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2008இல் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது என்பது தமிழர் அனைவருக்கும் தலைகுனிவான செய்தி. அஞ்சி நிற்கும் நெஞ்சில் இரக்கம் ஊறுவதில்லை. பெயர் சொல்லி அழைக்கப்படாத செவிலி, நோயாளியைப் படுக்கை எண்ணால் அழைத்தால் நாம் வியப்பதற்கில்லை.

நம் முடிவு

'வசூல்ராஜா' நல்ல பொழுதுபோக்குப் படம். நல்ல கேள்வியைக் கேட்ட படம். விடை கூறும் இடத்தில் அது ரசிகனை முகஸ்துதி செய்துவிட்டது. இரக்கம் உன்னிடம் ஏற்கெனவே இருக்கிறது, படித்தவர்களிடம்தான் இல்லை என்று சொல்லி அவனை மகிழ்ச்சியோடு வீட்டுக்கு அனுப்பியது. அவன் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை என்றாகிவிட்டது. நாம் அதனை ஏற்க இயலாது. கை நடுங்காதிருக்க நெஞ்சைக் கல்லாக்கத் தேவையில்லை. பயின்ற கை இளகிய நெஞ்சோடும் நடுங்காது. அதற்கு நல்ல ஆசான் வேண்டும், போதிய உறக்கம் வேண்டும், அவசரமற்ற சில நிமிடங்கள் வேண்டும், பின்னே நின்று தாங்கும் ஒரு வீடு வேண்டும்.

முதல் மூன்றையும் அரசும் கல்லூரிகளும் தர வேண்டும்; அவற்றைக் கேட்டுப் பெறுவது நம் உரிமை. நான்காவது நம் கையில் இருக்கிறது. இந்த ஆண்டு நம் ஊரிலிருந்து மருத்துவமும் செவிலியமும் பயிலச் சென்ற பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொரு ஜமாஅத்தும் அறிந்து வைக்கட்டும். விடுமுறையில் வரும்போது அவர்களை அழைத்து மேடையேற்றிச் சால்வை போர்த்துவதோடு நில்லாமல், அருகில் அமர்த்தி, அவர்கள் கண்ட நோயாளிகளைப் பற்றியும் பட்ட துன்பங்களைப் பற்றியும் மூத்தவர்கள் கேட்கட்டும். பொறுமையோடு கேட்கப்பட்ட பிள்ளைதான் பொறுமையோடு கேட்கக் கற்றுக்கொள்ளும்.